நெஃப்ரைட்டிஸ் அனந்தபத்மநாபன்

கிழக்கேகோட்டையில் நுழைவுத்தேர்வுக்குப் பயிற்சி தரும் ஆனந்தகிருஷ்ணன் சாருக்குத் தெரிந்தது ஒரே வித்தை. ஆங்கிலச் சொல்லைக் கிரேக்கத் துண்டுகளாகப் பிரித்துவிட்டால் எந்த ஒப்புமைக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடுமாம். நெஃப்ரோஸ் சிறுநீரகம், டெர்மா தோல் என்று நாலு மாதமாகக் கழுத்தை அறுத்தார். நான் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நேற்றைய தேர்வில் இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினேன். சாருக்குத் தலைகால் புரியவில்லை.

"மாளவிகா, ஹெபடைட்டிஸுக்கு லிவர்னா நெஃப்ரைட்டிஸுக்குக் கிட்னி. எப்படிப் பிரிச்சேன்னு எல்லாருக்கும் சொல்லு கேட்டோ."

"பிரிக்கலை சார். எங்க குடும்பத்துல மூணு அனந்தபத்மநாபன். பேரைச் சொன்னா மூணு பேரும் திரும்புவா. அதனால வியாதியைச் சேர்த்துத்தான் சொல்லுவோம். ஆர்த்ரைட்டிஸ் மாமாவுக்கு மூட்டு, நெஃப்ரைட்டிஸ் பெரியப்பாவுக்குக் கிட்னி, டெர்மடைட்டிஸ் அத்திம்பேருக்குத் தோல்."

வகுப்பே சிரித்தது. சாரின் முகம் சுண்டிப்போனது. நான் விட்டிருந்த ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார்.

"மிசாந்த்ரோபிக்கு மனுஷங்க மேல வெறுப்புன்னா ஃபிலாந்த்ரோபிக்கு அன்பு. நூறு தடவை சொன்னேனே. அதை மட்டும் எப்படி விட்டே?"

"அது எங்காத்துல யாருக்கும் வந்ததில்லை சார்."