இரண்டாவது பொத்தான்

சட்டையின் இரண்டாவது பொத்தானை மறுபடியும் காணவில்லை. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் கல்லுப்போல் நிற்க, அது மட்டும் ஏன் விழுகிறது என்று கட்டருக்குப் புரியவில்லை. மனைவி நூலை இரட்டையாக்கிப் பார்த்தாள், அடியில் துண்டுத்துணி வைத்துத் தைத்தாள், சட்டையையே மாற்றினாள். புதுச் சட்டையிலும் அதே பொத்தான்.

“ஏங்க, பொத்தானைக் கழட்டி வித்துத் திங்கிறீங்களா?”

“ஆமா. கிலோ என்ன விலைக்குப் போகுதுன்னு கேட்டுட்டு வரேன்.”

சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்போது சிரிப்பதற்கு வேறொன்றும் இல்லை.

அச்சகத்தில் காகிதம் வெட்டும் எந்திரத்தில் இருந்தவன் என்பதால் அவனுக்குக் கட்டர் என்று பெயர். பழைய எந்திரம். காகிதக் கட்டைத் தட்டி, விளிம்பு சேர்த்து, உள்ளே தள்ளிக் காலால் மிதித்தால் கத்தி இறங்கும். அதற்குள் கையை வெளியே எடுப்பது ஆளின் பொறுப்பு.

வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் வெட்டி இழுப்பதுதான் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு வந்தது வேறு. நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, மூளையின் பக்க மடலில், ஏதோ ஓரிடத்தில் மின்சாரம் தறிகெட்டு ஓடும். அடிவயிற்றிலிருந்து என்னவோ மேலே ஏறும். ரப்பர் கருகும் நாற்றம் வரும். பிறகு சற்று நேரம் ஆள் நின்றுகொண்டிருப்பான், நினைவு மட்டும் இருக்காது. மாத்திரை தொடங்கிய அன்றே அவனைக் கத்தியிலிருந்து இறக்கி, தாள் எண்ணும் பிரிவில் போட்டார்கள். ஒரு வருஷம் ஒன்றுமே வராவிட்டால் கத்திக்குத் திரும்பலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

வருஷம் முடியப்போகிறது. நாற்றம் இல்லை, வயிற்றில் ஏறுவதும் இல்லை. எண்ணும் பிரிவை மூடப்போகிறார்கள் என்றும் பேச்சு. “கத்திக்கு வா, இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்” என்று முதலாளி சொல்லிவிட்டார். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது.

புத்தகம் தைக்கும் பைண்டிங் அக்காவிடம் மெழுகு நூல் கேட்டான்.

“எடுத்துட்டுப் போ. தடிப் புஸ்தகமே பிரியாது, உன் பொத்தானா பிரியும்?”

நூல் அறுந்துபோகவில்லை. மூன்றாம் நாள் துணி கிழிந்து, பொத்தான் நூலோடு பிய்ந்து வந்தது. ஓட்டையை அக்காவிடம் காட்டினான். அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

“தம்பி, கேட்டா கோவிச்சுக்க மாட்டியே? அதை நீதானே இழுக்கிற?”

“நானா?”

“சில நாள் சாயங்காலம் சும்மா நிப்பே. எதையோ மெல்ற மாதிரி வாய் அசையும். கை அந்தப் பொத்தானையே போட்டுத் திருகும். கூப்பிட்டா திரும்ப மாட்டே. கத்தியில இருந்து எறக்கிட்டாங்கன்னு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கியோன்னு நானும் விட்டுட்டேன்.”

அவன் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான். நின்றுபோனது நாற்றம்தான், நோய் இல்லை. ரயில் கேட்டில் மணி அடிப்பதுதான் நின்றிருக்கிறது. ரயில் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். “நாளைக்கு டாக்டரம்மாகிட்ட வாயைத் திறக்காம இருந்தா, கத்திக்குப் போகலாம்னு கையெழுத்துப் போட்டுடுவாங்க.”

“போட்டா?”

“வேலை இருக்கும்.”

“கை?”

அவன் முழங்கால்மேல் இருந்த தன் பத்து விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொன்னா சோறு போச்சுடி.”

“சோத்தை அள்ளவும் கை வேணும்ல” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் சொன்னான். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

“எப்ப வருது?”

“அக்கா பாத்ததெல்லாம் சாயங்காலம்தான்.”

“மாடியில தண்ணித் தொட்டி இருக்குல்ல? காலையில நிரப்புறீங்க, சாயங்காலம் அடி தட்டிடுது. ராத்திரிதான் மறுபடி நிரப்புறீங்க. மருந்தும் ரத்தத்துல அப்படித்தான். தொட்டி வத்துற நேரம் பாத்து அது வருது. ரெண்டு வேளை மருந்தை மூணு வேளையாப் பிரிச்சுத் தரேன். ஆனா வருஷக் கணக்கு இன்னிலேர்ந்து மறுபடி ஆரம்பம்.”

“நின்னுடுமா டாக்டர்?”

“நிறையப் பேருக்கு முதல் மருந்துலயே நிக்கும். சிலருக்கு அளவை மாத்தணும், மருந்தை மாத்தணும், கூட ஒண்ணு சேக்கணும். எதுக்குமே கேக்காதவங்களும் இருக்காங்க. நீங்க எந்தப் பக்கம்னு இப்பவே சொன்னா அது பொய்.”

கத்தியில் வேறு ஆள் ஏறினான். எண்ணும் பிரிவை மூடினார்கள். கட்டர் வேலை தேடி அச்சகம் அச்சகமாக ஏறி இறங்கினான். கூடவே இருந்து அவனைக் கவனிக்க இப்போது அக்காவும் இல்லை.

மனைவி இரண்டாவது பொத்தானைக் கையில் எடுத்தாள். இந்த முறை மெழுகு நூலைத் தொடவில்லை.

“அது விழுந்து விழுந்து சொல்லிச்சு, இறுக்கித் தைச்சுத் தைச்சு நாமதான் அதோட வாயைக் கட்டிட்டோம்” என்றாள்.

இப்போது மாத்திரை காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று. இரண்டாவது பொத்தான் மட்டும் ஒற்றை நூலில், தளர்வாக. இழுத்தால் உடனே அறுந்துவிடும். தினமும் சாயங்காலம் இருவரும் அதைப் பார்க்கிறார்கள். விழுந்தால் டாக்டரம்மாவிடம் போக வேண்டும். இதுவரை விழவில்லை.