எஸ்தர் தொடாமல் போன மண்

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நாட்டியப் பள்ளி, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் மிதக்கிறது. ஏறுவதற்கு மரப்படி போட்டிருக்கிறார்கள்.

தகரக் கூரை வேய்ந்த ஒரே கூடம்தான் பள்ளி. நடத்துபவர் சுமலதா டீச்சர். அங்கே வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் பூமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். மிதிக்கும் முன் அனுமதி, மிதித்த பின் மன்னிப்பு. பல ஆண்டுகளாக யாரும் தவறியதில்லை. ஓர் ஐப்பசி மாலை, அனந்தபுரம் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் எஸ்தர் என்ற மாணவி கும்பிடாமல் ஓடினாள். சற்று நேரம் கழித்து டீச்சர் செருப்பு மாட்ட வாசலில் காலை நீட்டினார். செருப்பு இடுப்பளவு ஆழத்தில் கிடந்தது. பக்கத்து சைக்கிள் கடை இருந்த இடத்திலேயே இருந்தது. லைன்மேன் பிரிட்டோ வந்து ஒயரை நீட்டிக் கொடுத்தார். "ரீடிங் எடுக்க இனிமே ஸ்டூல் எடுத்தாரணும் டீச்சர். மத்தபடி டென்ஷன் இல்ல."

டென்ஷன் மறுநாள் வந்தது. இடத்துக்காரர் செல்லப்பன் மல்லாட்டை வியாபாரி. வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர்.

"என் மனையில நிக்கிற கட்டடத்துக்குத்தான் அக்ரிமென்ட்டு. இது நிக்கலியே. தை பொறந்தா காலி பண்ணிடுங்க டீச்சரம்மா, கட கட்டப் போறேன்."

"எப்பிடிங்க? தூக்கினு போவவா?"

"தானா ஏறிச்சு இல்ல, தானா போவட்டும்."

சலங்கைச் சத்தத்துக்கு ஊரில் வேறு யாரும் இடம் தரவில்லை. கூடம் இறங்கினால் பள்ளி உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மற்ற பிள்ளைகள் தினமும் ஏணியில் இறங்கி வந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை. எஸ்தர்தான் கும்பிட வேண்டும். அவளோ, பள்ளிக்கூடத்தைத் தூக்கியவள் என்று பஸ்ஸில் கேலி செய்ததால், வீட்டைவிட்டு வரவேயில்லை.

இதற்குள் அடைமழை பிடித்தது. செல்லப்பன் தன் மல்லாட்டையை நனையாமல் கூடத்தின் அடியில் கொட்டிப் பரப்பினார். மேலே வகுப்பு வழக்கம்போல நடந்தது.

மார்கழி கடைசி நாள் எஸ்தரை அவள் அம்மா ராயம்மாள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "உன்னாலதான் ஏறிச்சு, நீயே இறக்கிட்டு வா." எஸ்தர் கூடத்தின் ஓரமாகக் குனிந்து மண்ணைத் தொட்டாள். கூடம் இறங்கத் தொடங்கியது. அதே நேரம் மூட்டை கட்ட வந்த செல்லப்பன் குவியலில் கையை விட்டுப் பார்த்தார். ஓடு தனியாக, பருப்பு தனியாகக் கிடந்தது. ஒரு பருப்புகூட உடையவில்லை. மேலே பிள்ளைகள் மிதித்த தட்டடவு உரித்திருந்தது.

"ஏ பாப்பா! கைய எடு!"

"டீச்சர்தான் கும்புடச் சொன்னாங்க."

"அவங்க கெடக்கறாங்க. எடும்மா, பருப்பு நசுங்கிடப் போவுது!"

எஸ்தர் விரல்களைக் கண்ணில் ஒற்றாமலே எடுத்தாள். கூடம் முழங்கால் உயரத்தில் நின்றது. காலி செய்யும் பேச்சை செல்லப்பன் அதன்பிறகு எடுக்கவில்லை. புகார் மட்டும் சொல்வார்.

"நேத்து பின்வரிசையில யாரு? அந்த மூலையில பாதி உரியவே இல்ல."

"புதுப் பிள்ளைங்க. முட்டி மடக்கி அரைமண்டி உக்கார இன்னும் சரியா வரல."

"வரவையுங்க. லோடு போவணும்."

எஸ்தர் நர்ஸாகிப் புதுச்சேரிக்குப் போகும்வரை அந்தக் கும்பிடை முடிக்கவில்லை. அவள் போனதும் கூடம் மெல்லத் தாழத் தொடங்கியது. எல்லோரும் கும்பிட்டால் தாழ்கிறது, ஒருவர் விட்டால் நிற்கிறது என்று டீச்சர் கண்டுபிடித்தார். அன்று முதல் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு ஒருவர் கும்பிடாமல் போகிறார்கள். ஒருமுறை தன் முறையன்று பாரதி பழக்க தோஷத்தில் கும்பிட்டுவிட, கூடம் ஒரு சாண் இறங்கி ஒரு குவியல் எண்ணெயாகிவிட்டது. மறுநாள் இரண்டு பேர் கும்பிடாமல் போய் அதைச் சரிசெய்தார்கள்.

இன்று மணிமொழியின் முறை. மற்றவர்கள் குனிந்து மண்ணைத் தொட்டபோது அவள் பையின் வாரை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். "அடவுகூட ஈஸி டீச்சர், இதுதான் கஷ்டம்," என்றாள். பிறகு அனந்தபுரம் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். அவசரம் எதுவும் இல்லை. ஓட்டுநர் அவளுக்காகக் காத்திருந்தார்.