சும்மா கிடந்த ராணி

தோற்றால் வெளியே போகும் போட்டி. அட்டவணையில் முதல் ஆளுக்கு எதிரே கடைசி ஆளைப் போட்டிருந்தார்கள். முதல் ஆள், மூன்று வருடமாகக் கோப்பையை விடாத பல் டாக்டர் அம்மா. கடைசி ஆள் நான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வருடமாகச் சதுரங்கப் போட்டிக்குப் போய், ஒன்பது வருடமும் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியவன். இந்தத் தடவை கிளம்பும்போதே வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கும் தோத்துட்டு வந்தீங்கன்னா போர்டு பரணுக்குப் போயிடும். திரும்ப இறங்காது."

நானும் வாய்க்கொழுப்பில் சரி என்றுவிட்டேன். எனக்கிருக்கும் ஒரே கிறுக்கு சதுரங்கம்தான்.

டாக்டர் என் காய்களைவிட என் பல்லைத்தான் அதிகம் பார்த்தார். பதினாறாவது நகர்த்தலில் தன் ராணியைத் தூக்கி, என் குதிரை எட்டும் கட்டத்தில் வைத்தார். காவலுக்கு ஒரு சிப்பாய்கூட இல்லை.

சாம்பியன் ராணியைச் சும்மா கொடுப்பாரா? எங்கள் தொழிலில் ஒரே சட்டம்: எதற்கு வந்திருக்கிறது என்று தெரியாத ஒயரைத் தொடாதே. இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் உயிரோடு இருக்கிறேன். இங்கேயோ, தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். குதிரை வரை போன கையை இழுத்துக் காதைச் சொறிந்துகொண்டேன். நாற்பது நிமிடம் யோசித்தும் சதி பிடிபடவில்லை. அப்படியென்றால் பெரிய சதிதான் என்று முடிவு செய்து, ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன்.

டாக்டர் ராணியை விருட்டென்று எடுத்துக்கொண்டு போனார். அடுத்த பத்து நகர்த்தலில் என் கதை முடிந்தது.

கை குலுக்கும்போது கேட்டேன். "ராணியை அங்க வெச்சீங்களே, என்ன பிளான் டாக்டர்?"

"பிளானா? உங்க குதிரையை நான் கவனிக்கவே இல்ல சார். கையை எடுத்தப்புறம்தான் பார்த்தேன். நாற்பது நிமிஷம் எனக்கு மூச்சே வரல. ஏன் சார் எடுக்கல?"

"போனாப் போகுதுன்னு விட்டேன்" என்றேன்.

வீட்டில் காய்களை அதே மாதிரி அடுக்கி மனைவிக்குக் காட்டினேன். எந்தக் காய் எப்படிப் போகும் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் உட்காருவதற்குள் குதிரையால் ராணியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இதைத்தானே செய்யணும்?"

"ஆமா."

காய்களைப் பெட்டியில் போட்டு, போர்டையும் தூக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். அந்த ஸ்டூல் கொஞ்சம் ஆடும். ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"அதையும் குடுங்க" என்றாள் மேலிருந்து.

ராணியைக் கொடுத்தேன்.