கொடுக்காத நம்பர்

கெண்டைக்கால் இரண்டும் காலையிலிருந்தே கல்லாய்க் கனத்தன. ரயில்வே கேட்டை ஏற்றி இறக்கும் சக்கரத்தை ஒரு நாளைக்கு எண்பது தடவை சுற்றுகிறவளுக்கு நியாயமாகக் கைதான் வலிக்க வேண்டும். வலிப்பது கால். நிற்பதற்குத்தான் சம்பளம், சுற்றுவது நடுவில் கிடைக்கிற ஆறுதல். கேட்காரம்மா அறை வாசலில் நின்று ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டே தண்டவாளப் பக்கம் பார்த்தாள். இருநூறு அடி தள்ளி, ஜல்லிச் சரிவில், அவன் இன்னும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

ஒதுங்க வந்தவன் என்றுதான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லைன் ஓரம் எவனாவது குந்தியிருந்தால் பார்க்காத மாதிரி இருந்துவிடுவது இத்தனை வருஷத்தில் பழகிப்போன மரியாதை. பத்தரை மணி வண்டிக்குக் கொடி காட்டியபோதும் அப்படித்தான் இருந்தாள். இப்போது மணி பதினொன்று. அரைமணி நேரமாகவா ஒருவன் ஒதுங்குவான்?

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சிமெண்டு படிந்த நீலச் சட்டை. கட்டடத்துக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலைக்காரன். தினமும் எட்டரைக்கு சைக்கிளில் வருவான், கேட் சாத்தியிருந்தால் மணியை விடாமல் அடித்து, "மகாராணி, கோட்டைக் கதவத் தெறக்கலாமா?" என்பான். "வாய மூடுடா, ரயிலு போனப்புறம்தான் ராஜாவே" என்பாள். இன்று சைக்கிளும் இல்லை, மணியும் அடிக்கவில்லை. பத்தரை வண்டி அந்தப் பக்கத்துத் தண்டவாளத்தில் போயிற்று, இந்தப் பக்கத்தில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த வண்டி அவன் உட்கார்ந்திருக்கும் இந்தப் பக்கத்தில்தான்.

போன் அடித்தது. "எக்ஸ்பிரஸ் வருது, கேட்டச் சாத்தும்மா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். சாத்தினாள். பூட்டினாள். இனி மேஜை மேலிருக்கும் தாளைப் பார்த்து அதிலுள்ள ரகசிய நம்பரைச் சொல்ல வேண்டும். கேட் பூட்டியாயிற்று என்பதற்கு அதுதான் சாட்சி. அந்த நம்பர் போகாமல் வண்டிக்கு சிக்னல் கிடையாது.

"நம்பர் சொல்லும்மா."

"தர மாட்டேன் சார்."

"என்னது?"

"லைன்ல ஆள் உக்காந்திருக்கான். நமக்குத் தெரிஞ்ச பையன். போய்க் கூட்டிட்டு வந்துதான் நம்பர் தருவேன். வண்டிய அங்கயே நிறுத்துங்க."

மாஸ்டர் குரலைத் தணித்தார். "ஓடாதம்மா. மெதுவாப் போ. நான் பாத்துக்கறேன்."

சிவப்புக் கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கேட்டுக்கு வெளியே வேன்காரன் ஒருவன் தலையை நீட்டி, "என்னம்மா, ரயில வீட்டுக்கே போய்க் கூட்டிட்டு வரப் போறியா?" என்று கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள். திரும்பவில்லை. ஜல்லி செருப்பை வாரியது. ஒவ்வோர் அடிக்கும் கெண்டைக்கால் சுளீர் என்றது. என்ன பேசுவது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. கொடி காட்டத்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

பக்கத்தில் போனதும் அவளும் சரிவில் உட்கார்ந்தாள். அவன் நிமிரவில்லை.

"சாகலாம்னு வந்தியா?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவன் தோள் சட்டென்று இறங்கியது, தூக்கிக்கொண்டிருந்த பலகையை யாரோ மறுமுனையில் பிடித்த மாதிரி.

"ஆமாக்கா."

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுன்னு இல்லக்கா. எங்கேந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

"எங்கேந்து வேணா ஆரம்பி. பூராத்தையும் நான் கேக்கறேன். ஆனா இங்க வேணாம், என் கால் தாங்காது. எந்திரி, எனக்கும் கை குடு."

அவன் எழுந்தான். அவளையும் தூக்கிவிட்டான்.

ரோட்டுப் பக்கத்து பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கூடப் பிறந்த அக்கா ஒருத்தி இருக்கிறாளாம். அவனிடமே அவளுடைய போன் நம்பரை வாங்கிக் கூப்பிட்டு, ஒளிக்காமல் விஷயத்தைச் சொன்னாள். "கெளம்பிட்டேன், விட்ராதீங்க" என்றது அந்தக் குரல்.

பிறகு மாஸ்டருக்கு அந்த ரகசிய நம்பரைச் சொன்னாள். சொன்ன கையோடு இன்னொரு பயம் பிடித்தது. வண்டி கடக்கும்போது அதைப் பார்த்து நின்று கொடி காட்ட வேண்டும். கடைசிப் பெட்டி போகும்வரை கண்ணை எடுக்கக்கூடாது. இவனோ முதுகுக்குப் பின்னால் இருப்பான்.

"இங்க வாடா" என்று அறைச் சுவரோரம் நிறுத்தி, இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலது கையில் பச்சைக் கொடி. எக்ஸ்பிரஸ் மண்ணைக் கிளப்பிக்கொண்டு போனது. அவள் அவனைப் பிடித்திருந்த கையையும் என்ஜின் டிரைவர் பார்த்துவிட்டுப் போனார். புகார் எழுதினால் எழுதட்டும். அவன் நாடி அவள் விரலுக்கடியில் தடதடவென்று அடித்தது. அவன் கையை உருவிக்கொள்ளவில்லை.

"சொல்லு" என்றாள், சத்தம் அடங்கியதும்.

"போன மாசம்..." என்று அவன் தொடங்கினான். போன் அடித்தது. கூட்ஸ் வண்டி. சாத்தினாள், நம்பர் சொன்னாள், கையைப் பிடித்தாள், விட்டாள். "ம், போன மாசம்?" என்றாள். அவன் மறுபடி வாயெடுத்தான். வேன்காரர்களின் ஹாரன். இன்னொரு வண்டி. பிறகு மாஸ்டர்: பதினேழு நிமிஷத் தாமதத்துக்கு மேலிடம் விளக்கம் கேட்கிறதாம். "உள்ளத அப்படியே எழுதும்மா. நான் சேத்துக் கையெழுத்துப் போடறேன். பையன் இருக்கானா?" "இருக்கான் சார்."

அக்காக்காரி ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். வேலைக்கு உடுத்திய மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தம்பியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், அவ்வளவுதான். "ஆஸ்பத்திரிக்கு நேராப் போங்க. மனசுக்குப் பாக்கற டாக்டர்னு கேளுங்க. ராத்திரி தனியா விடாதீங்க" என்றாள் கேட்காரம்மா. அக்காக்காரி தலையாட்டினாள்.

ஆட்டோவில் ஏறப்போனவன் நின்றான்.

"அக்கா, பூராத்தையும் கேக்கறேன்னீங்களே."

அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. உள்ளே போன் அடிக்கத் தொடங்கியிருந்தது. "நாளைக்கு ரெண்டு மணிக்கு மேல எனக்கு ட்யூட்டி இல்லடா. டாக்டர் எங்க இருக்கச் சொல்றாரோ அங்கயே வரேன். வந்து கேக்கறேன்."

அவன் ஏறி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான். ஆட்டோ கேட்டைத் தாண்டியதும் அவள் சக்கரத்தைச் சுற்றினாள். குறுக்குக் கம்பு இறங்க இறங்க அதன் நிழல் ரோட்டில் நீண்டு படுத்தது. "போன மாசம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவள் கேட்டிருக்கவில்லை. மிச்சம் முழுவதையும் அவனிடம் கேட்க வேண்டிய கடன் அவள் மேல் அப்படியே நின்றது.