உம் கொட்டாத வளைவு

தேனியில் டாக்டர் ஷீபா என் இதயத்துடிப்பு ஒழுங்காக இல்லை என்று சொன்னபோது நான் பெரிதாக அதிரவில்லை. இந்த உடம்பில் எதுதான் ஒழுங்காக இருக்கிறது? முட்டி மழைக்கு முன்பே முனகுகிறது. கடைவாய்ப் பல் இரண்டு ராஜினாமா செய்துவிட்டன. அந்த வரிசையில் இதயமும் வந்து நின்றதில் ஆச்சரியமில்லை. அடுத்து அவர் சொன்னதற்குத்தான் அதிர்ந்தேன்.

"ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வண்டி மட்டும் ஓட்டாதீங்க, பேச்சிமுத்து. தலைசுத்தல் வேற இருக்குங்கிறீங்க."

நான் ஜீப் டிரைவர். விடிகாலையில் கம்பத்தில் பெண்களை ஏற்றி, கம்பம்மெட்டு மலைச்சாலையில் ஏறி, கேரளாப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது என் பிழைப்பு. ஒரு நாள் நான் வராவிட்டால், அதே சாலையில் ஓட்டும் தங்கபாண்டி என் ஆட்களைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொள்வான். அவன் வண்டி புதுசு, சீட்டில் பஞ்சு இருக்கிறது. பஞ்சில் உட்கார்ந்து பழகியவர்கள் மறுபடி என் தகரத்துக்கு வரமாட்டார்கள்.

"சரிங்க டாக்டர்" என்றேன். தலையாட்ட இதயம் நன்றாக இருக்க வேண்டியதில்லை.

இந்த வியாதி பகலில் சாது. ராத்திரி படுத்தால்தான் குணத்தைக் காட்டும். நாலைந்து துடிப்பு சீராகப் போகும், பிறகு ஒன்றைக் காணோம். எங்கே போனது என்று நான் இருட்டில் தேடிக்கொண்டிருக்கும்போதே, பஸ்ஸைத் தவறவிட்ட குடும்பம் மாதிரி மூன்று நான்கு சேர்ந்து தடதடவென்று ஓடிவரும். எழுந்து உட்கார்ந்துவிடுவேன். விடியும்வரை உட்கார்ந்தபடி என் நெஞ்சுக்கு நானே காவல்.

என் மனைவி நதியாவிடம் கேஸ் என்று சொல்லியிருந்தேன். எங்கள் ஊரில் ஆம்பளைக்கு நெஞ்சில் எது வந்தாலும் கேஸ்தான். அவளும் நம்பி ஓமத்தண்ணி கொடுத்தாள். வடுகபட்டிப் பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தாள். தூக்கம் வரவில்லை, வாசம் வந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டாக்டர் என் நெஞ்சில் வட்டவட்டமாக ஸ்டிக்கர் ஒட்டவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வயரை மாட்டி, எல்லா வயரையும் இடுப்பில் தொங்கும் சின்னப் பெட்டியில் சேர்த்து அனுப்பினார். ஒரு பகல், ஒரு ராத்திரி. துடிப்பு முழுவதையும் அது பதிந்துவைக்குமாம். மறுநாள் மதியம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

"எப்பவும் போல இருங்க" என்றார்.

எப்பவும் போல இருந்தால் மாட்டிக்கொள்வேனே! டீ குடிக்கவில்லை. பீடியைத் தொடவில்லை. மாடிப்படி ஏறவில்லை. மச்சினனிடம்கூட அன்பாகப் பேசினேன். அவன் பயந்து எழுந்து போய்விட்டான். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் பள்ளிக்கூடம் இருப்பதுபோல் இதயமும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது.

ராத்திரி படுத்ததும் இதயம் பெஞ்சு மேல் ஏறிவிட்டது. இதுவரை அப்படி ஆடியதில்லை. பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கு மினுக்கென்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தது. என் ஜீப் என் கண் முன்னால் தங்கபாண்டியின் ஜீப்புக்குப் பின்னால் துருப்பிடித்து நின்றது. கையைச் சட்டைக்குள் விட்டு, சட்டைப் பித்தானைப் போல மாட்டியிருந்த வயர்களில் இரண்டைப் பிடுங்கினேன். தூக்கத்தில் கழன்றுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

விடிந்தும் விடியாமலும் வண்டியை எடுத்தேன்.

எங்கள் ஜீப்புகளில் ஒரு வழக்கம். வாய் ஓயாத ஒருத்தியை டிரைவர் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். மலை ஏறி முடிக்கும்வரை அவள் எதையாவது சொல்லிக்கொண்டே வரவேண்டும், டிரைவர் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் ஆள் கண்ணயர்ந்துவிட்டான் என்று அர்த்தம். பின்னால் இருப்பவர்கள் தூக்குவாளியால் தகரத்தைத் தட்டுவார்கள். என் வண்டியில் அந்தப் பதவி சுருளியம்மாள் அக்காவுக்கு. போட்டியே கிடையாது.

"எம் மருமக செல்லப் பாத்துத்தான் சாம்பார் வைக்கிறா, தெரியும்ல?"

"உம்."

"நேத்து பாதியில செல்லு செத்துப்போச்சு. பருப்பு வெந்து கெடக்கு, புளி கரைச்சுக் கெடக்கு, இவ சார்ஜரத் தேடிக்கிட்டுத் திரியுறா."

"உம்."

பாதி மலை ஏறியிருப்போம். நெஞ்சுக்குள் ஒரு படி காணாமல் போனது. கால் வைத்த இடத்தில் ஒன்றுமில்லை. பிறகு அந்தத் தடதடப்பு. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவைபோல் தெரிந்தன. கண்ணோரத்தில் கறுப்பு கட்டியது.

"எம் மகன் என்ன சொல்றான்ங்கிற?"

"...உம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எதிரே வளைவு. மேலேயிருந்து லாரி ஒன்று ஹாரனை அழுத்தியபடி வந்தது. அந்த ஹாரன் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. பின்னால் சினேகா என்ற இளவயசுப் பெண் எதற்கோ சிரித்தாள், அவளைத் தொடர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை பேரின் சிரிப்பும் என் வலதுகாலில் இருந்தது.

"பேச்சி?"

தகரத்தில் டங், டங், டங்.

"ஏலே பேச்சிமுத்து!"

மிதித்தேன். லாரி கண்ணாடியை உரசாமல் உரசிப் போனது. ஜீப் தடுப்புச்சுவரை ஒட்டி நின்றது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். யாரோ குதித்து டயருக்குக் கல் வைத்தார்கள்.

"தூங்கிட்டியாப்பா?"

"இல்லக்கா. கேஸு."

அக்கா என் சட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"கேஸுக்கு எதுக்குப்பா வயரு? நெஞ்சுல கரண்டு இழுத்திருக்கியா?"

பொய்கள் கைவசம் நிறைய இருந்தன. ஒன்றைக்கூட முழுசாகச் சொல்ல மூச்சு இல்லை. நடந்ததையே மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னேன். டாக்டர் ஓட்டாதே என்றது, ராத்திரி வயரைப் பிடுங்கியது, தங்கபாண்டியின் பஞ்சு சீட்டு உட்பட.

பின்னால் சிரிப்பு நின்றிருந்தது. சினேகாதான் முதலில் பேசினாள்.

"எம்புள்ளைக்கு இன்னும் ரெண்டு வயசுகூட ஆகலண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்கா திட்டினார். "நீ தனியாப் போனா ஒம் பொண்டாட்டி மட்டும் அழுவா. எங்களையும் சேத்துக் கூட்டிட்டுப் போனா ஊரே அழுகும். அம்புட்டுக் கூட்டம் ஒனக்கு எதுக்கு?"

என் சட்டையைக் காட்டி, "அந்த வயர மாட்டு. இப்ப ஆடுதுல்ல, இப்பயே மாட்டு" என்றார்.

சட்டையைத் திறந்தேன். முதல் வயர் சொடுக்கென்று பிடித்தது. இரண்டாவது இடம் தெரியாமல் நெஞ்சில் அலைந்தது. அக்காவே பிடித்து மாட்டினார். பச்சை விளக்கு மினுக்கியது. எழுது, எழுதித் தொலை என்று விட்டுவிட்டேன்.

தங்கபாண்டியின் ஜீப் வந்தது. நிறுத்தி, விஷயம் கேட்டு, என் முகத்தைப் பார்த்தான். கேலிக்குக் காத்திருந்தேன்.

"இன்னைக்கு நான் ஏத்திக்கிறேண்ணே. லேட்டானா இவுகள தோட்டத்து கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாக" என்றான்.

"இன்னைக்கு மட்டுமில்ல. டாக்டர் சொல்ற வரைக்கும் நீயே ஏத்து" என்றேன். சொல்லிவிட்டு என் ஜீப்பின் தகரத்தைத் தடவினேன். இந்த வலிக்கு எந்த மிஷினிலும் வயர் கிடையாது.

ஒருவர் மடியில் ஒருவராக எல்லோரும் நெருக்கி ஏறினார்கள். அக்கா மட்டும் ஏறவில்லை.

"நீங்க போங்கக்கா. வேல போயிரும்."

"ஒன்னைய நம்பி விட்டுட்டுப் போனா, தேவலாம்னு ஆனதும் சாவியப் போடுவ. எனக்குத் தெரியாதா?"

உண்மையில் அதைத்தான் நினைத்திருந்தேன்.

என் செல்லை வாங்கி நதியாவுக்குப் போட்டார். "ஆத்தா, ஒம் புருசன் உசுரோடதான் இருக்காரு. தேனி ஆஸ்பத்திரிக்கு வந்துரு. வையிறத அங்கன வச்சு வஞ்சுக்கலாம்."

அந்தப் பக்கம் நதியா என்ன சொன்னாளோ, அக்கா சிரிக்கவில்லை. "சரித்தா, சரி. அழுகாத, வந்துருவோம்" என்று மட்டும் சொன்னார்.

கீழே போகிற பஸ் வந்தது. ஜன்னலோர சீட்டில் என்னைத் தள்ளி, தப்பித்துவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நெஞ்சு இன்னும் தன் இஷ்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் இளவட்டம், வளைவுகளில் கொஞ்சம் வேகம். ஒவ்வொரு வளைவிலும் என் வலதுகால் பஸ்ஸின் தரையை ஓங்கி மிதித்தது.

"என்னத்த மிதிக்கிற?"

"பிரேக்குக்கா."

"அது அந்தத் தம்பிகிட்ட இருக்கு. நீ கண்ண மூடு."

மூடினேன்.