மாரித்தாய் மகளின் லேப்டாப்

சாத்தூரில் தங்கப்பாண்டியனின் பேப்பர் டியூப் கம்பெனிக்குள் பாண்டிச்செல்வி லேப்டாப்பும் கையுமாக நுழைந்தபோது, பசை ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி அவளைப் பெற்ற மாரித்தாய். மகள் தனியாகப் பார்க்க வந்திருக்கிற முதல் மெஷின் இது.

பட்டாசுக்கு டியூப் வெட்டுகிற மெஷின். நீளத்தை மாற்ற அதில் பொத்தான் கிடையாது. லேப்டாப்பை மாட்டி உள்ளே இருக்கிற புரோகிராமைத் திருத்த வேண்டும். இத்தனை வருஷமும் மதுரைக்காரர் ஒருவர்தான் வந்து செய்துவிட்டுப் போவார். சீசன் நேரத்தில் அவரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

“மாரித்தாய் மக படிச்சிருக்குன்னாக, சரி வரட்டும்னேன்,” என்றார் தங்கப்பாண்டியன். “சாப்பாட்டு மணிக்குள்ள ஓடலைன்னா மதுரைக்காரருக்கே போன் போட்டுருவேன். கோவிச்சுக்கிடக் கூடாது.”

“ஓடிரும் அண்ணாச்சி.”

ஓடவில்லை. அந்த மெஷினுக்கான சாப்ட்வேர் இருபது வருஷப் பழசு. போன வாரம் வரை அவள் லேப்டாப்பில் சமர்த்தாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை புது விண்டோஸ் போட்டாள். இன்றைக்குத் திறந்தால் ஒரு பிழைப் பெட்டியைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. பழைய விண்டோஸ் மாதிரி நடிக்கச் சொல்லிப் பார்த்தாள். அட்மின் அதிகாரம் கொடுத்துப் பார்த்தாள். அழித்து மறுபடி ஏற்றினாள். ம்ஹூம். மணி பதினொன்றரை ஆயிற்று. அம்மா முன்னாடியே மானம் போகப் போகிறது.

அவசரத்தில் மூடிக்கொண்டே இருந்த அந்தப் பெட்டியை அப்போதுதான் நிதானமாகப் படித்தாள். ஏதோ ஒரு ஃபோல்டரைத் திறக்க முடியவில்லையாம். அந்த ஃபோல்டரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். பாண்டிச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புது விண்டோஸ் ‘உங்கள் பெயர் என்ன’ என்று கேட்டபோது, வீட்டில் புது நோட்டு முதல் புது சைக்கிள் வரை எழுதுகிற வழக்கப்படி ‘மாரியம்மன் துணை’ என்று தமிழில் அடித்துவிட்டாள். விண்டோஸ் அந்தப் பெயரிலேயே ஃபோல்டரைப் போட்டுவிட்டது. பழைய சாப்ட்வேருக்கு இங்கிலீஷ் எழுத்தைத் தவிர வேறு தெரியாது.

மாரித்தாய் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். “என்னத்தா, எந்திரிக்க மாட்டேங்குதா?”

“ஆத்தா பேரைப் படிக்கத் தெரியலம்மா இதுக்கு. அதான் விழுந்துருது.”

“அதுக்காக ஆத்தா பேர அழிச்சுப்புடாத!”

“அழிக்கலம்மா. ஆத்தா இங்கனயே இருக்கட்டும். இதுக்குத் தனியா இங்கிலீஷ்ல ஒரு அக்கவுண்ட் போட்டாப் போதும்.”

போட்டாள். சாப்ட்வேர் ஒன்றும் நடக்காதது போல் திறந்துகொண்டது. நீளத்தை மாற்றி மெஷினுக்கு அனுப்பினாள். டகடகவென்று டியூப்கள் விழுந்தன. தங்கப்பாண்டியன் ஒன்றை எடுத்து ஸ்கேலில் வைத்தார், இன்னொன்றையும் வைத்தார். சாப்பாட்டு மணி இன்னும் அடித்திருக்கவில்லை.

மெஷினின் கரண்டுப் பெட்டிக் கதவில் மதுரைக்காரரின் பெயரும் நம்பரும் எழுதியிருந்தன. அதற்குக் கீழே அவளுடைய நம்பரைக் கேட்டு எழுதிய தங்கப்பாண்டியன், மார்க்கரைப் பிடித்தபடி நின்றார். பாவாடை கட்டிய நாளிலிருந்து அவளைத் தெரியும். மாரித்தாய் மக என்றுதான் தெரியும்.

“ஏம்மா, உம் பேரு என்ன?”

அவள் வாயைத் திறக்குமுன் பசை மேஜையிலிருந்து மாரித்தாயின் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது.

“பாண்டிச்செல்வி. நல்லாப் பெருசா எழுதுங்க மொதலாளி.”