எண்ண வந்தவன்

சங்கிலியில் தொங்கியபடி அந்தக் கான்கிரீட் கட்டை இறங்குகிறது, இன்னும் தரையைத் தொடவில்லை, லேசாகச் சுற்றுகிறது, கிரேன்காரன் கையை ஆட்டி ஆட்டி யாரையோ விலகச் சொல்கிறான், விலக வேண்டிய ஆள் தான்தான் என்று அங்கயற்கண்ணிக்குத் தெரிகிறது, ஆனாலும் கால் நகரவில்லை, புறவழிச் சாலையின் நடுவே முடிவில்லாமல் ஓடும் தடுப்புச் சுவரில் விட்டுப்போன எட்டடி இடைவெளி இது, பதினோரு வருஷமாக இதன் வழியாகத்தான் அவள் எதிர்ப்பக்கம் போய் ஏழு ஐம்பது டவுன் பஸ்ஸைப் பிடிக்கிறாள், பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை, பிள்ளைகள் வருவதற்கு முன்னால் போய் வகுப்பைக் கூட்டியாக வேண்டும், இந்தச் சந்து இல்லாவிட்டால் சிக்னல்வரை முக்கால் கிலோமீட்டர் போய், கடந்து, திரும்ப முக்கால் கிலோமீட்டர் வர வேண்டும், அதற்குள் பஸ் மட்டுமா போகும், பாதிக் காலையே போய்விடும். தனியாகக் கடந்தால் எந்த லாரிக்காரனும் மதிக்க மாட்டான், அதனால் நடக்கிறவர்கள் பத்துப் பேர் சேரும்வரை ஓரத்தில் நிற்பார்கள், சேர்ந்ததும் முன்னால் நிற்பவள் சாப்பாட்டுப் பையை உயர்த்துவாள், எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள், யார் சட்டம் போட்டது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, பெரும்பாலும் உயர்வது அங்கயற்கண்ணியின் பைதான்.

அவளுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது, தராசு சரியாக நின்றாலும் இன்னொரு தரம் போடச் சொல்வாள், பின்னாலேயே வண்டி வருது என்று சொல்லும் கண்டக்டரைச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டாள், அப்படிப்பட்டவள் போன மாசம் ஒரு நாள் காலையில் ஓரத்து வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பச்சைச் சட்டைக்கு மேல் பளபளக்கும் மேல்சட்டை போட்டு, அட்டையில் தாளைச் சொருகி நிற்கும் பையனைப் பார்த்ததும் உயர்த்திய பையைச் சட்டென்று இறக்கிக்கொண்டாள். அவன் சிரிக்கிறான், சிரித்துக்கொண்டே தாளில் கோடு கிழிக்கிறான், இதே சிரிப்பை அவள் முன்பு பார்த்திருக்கிறாள், ஓட்டுத் தொழிற்சாலைப் பக்கம் குடியிருந்தபோது, அங்கேயும் ஒருவன் வந்தான், அட்டையோடு வந்தான், டீ வாங்கிக் கொடுத்தால் குடித்தான், எத்தனை பேர் இப்படிக் குறுக்கே ஓடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனான், நாலாம் நாள் ஆபத்தான இடம் என்று பலகை வைத்து இரும்புக் கிராதி போட்டார்கள், பஸ் நிறுத்தம் மட்டும் எதிர்ப்பக்கமே இருந்தது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, தம்பி பொண்டாட்டி பேச்சியம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிராதி மேல் ஏறினாள், நாலு மாசம் தினமும் ஏறினாள், ஒரு நாள் முந்தானை மாட்டிக்கொண்டது, அவள் குதித்த பக்கத்தில் வேன் வந்துகொண்டிருந்தது. செருப்பைத் தேடி எடுத்தது அங்கயற்கண்ணிதான், ஒன்று கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவேயில்லை, இப்போதும் கனவில் அதைத் தேடிக்கொண்டிருக்கிறாள், தேடும்போது மரத்தடியில் பச்சைச் சட்டை நிற்கிறது, அன்றைக்கு நின்றவன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று யோசித்தால் அதுவும் பச்சையாகவே தோன்றுகிறது.

அக்கா, தினமும் இப்படித்தான் கடப்பீங்களா என்று அவன் கேட்டான், நாங்க எங்க தம்பி கடக்குறோம், சும்மா காத்து வாங்க நிக்கிறோம் என்றாள், சொல்லிவிட்டுத் திரும்பிக் கூட்டத்திடம் குரலைத் தாழ்த்தினாள், யாரும் எறங்காதீங்க, அவன் எழுதுறான், நாம ஓடுறதப் பாத்தா இங்கயும் கிராதி போட்ருவாய்ங்க, அவன் போற வரைக்கும் சிக்னலச் சுத்திப் போவோம். தங்கபுஷ்பத்துக்கு இடுப்பெலும்பு விலகியிருக்கிறது, நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்குவாள், அவ்வளவு தூரம் என்னால ஆகாதுக்கா என்றாள், மூணு நாளுதானடி, பல்லக் கடிச்சுக்க என்று அங்கயற்கண்ணி அவள் பையையும் வாங்கிச் சுமந்தாள். தையல் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், எல்லோரிடமும் போய்ச் சொன்னாள், சாயங்காலமும் காத்திருந்து சொன்னாள், கொத்தனார் அபுதாகிர் பாய் மட்டும் கேட்கவில்லை, சைக்கிளை உருட்டிக்கிட்டு ரெண்டு தடவ முக்கால் கிலோமீட்டர் போறதுக்கு எனக்கென்ன கிறுக்கா, என் ரோட்டுல நான் போறேன், எழுதட்டுமே என்று மூன்று நாள் காலையிலும் சந்தில் இறங்கினார், அவரை அவள் முறைத்த முறைப்பில் அடுத்த வாரமும் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் பையன் முகத்தில் சிரிப்பு இல்லை, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வெறிச்சோடிய ஓரத்தைப் பார்த்தான், அங்கயற்கண்ணி தூரத்தில் சிக்னலுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தாள், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள், வெட்கத்தை விட்டுச் சொன்னால் அன்றைக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

இப்போது அதே பையன் கிரேனுக்குப் பக்கத்தில் நின்று இஞ்சினியரிடம் மன்றாடுகிறான், சார், இது நடக்குறவங்க பாதை, கோடு போட்டு ஒரு சிக்னல் வச்சாப் போதும், எங்க பாதசாரிகள் சங்கத்துல ஒரு வருஷமா எழுதிட்டிருக்கோம், கார்க்காரங்களுக்கு ரெண்டு நிமிஷம் மிச்சம்னு ஊரையே ரெண்டா வெட்டுறீங்க, இங்கிட்டு இருக்கவங்க அங்கிட்டு பஸ்ஸுக்குப் போக வேணாமா. இஞ்சினியர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை, அடைக்கிறதுன்னு முடிவானப்ப இங்க தினம் நூறு பேருக்கு மேல கடக்குறாங்கன்னு நீங்கதான தம்பி மனு குடுத்தீங்க, சரி, எண்ணிக் காட்டுங்கன்னு நாங்களும் நிறுத்தி வச்சோம், மூணு நாள் காலையிலயும் சேத்துப் பத்தொம்பது பேருன்னு நீங்களே எண்ணிக் குடுத்திருக்கீங்க, பத்தொம்பது பேருக்காக எப்படித் தொறந்து வைக்கிறது என்றார். அங்கயற்கண்ணிக்கு அந்த எண் காதில் விழுந்து, உள்ளே இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது, பத்தொன்பதில் மூன்று அபுதாகிர் பாய், மிச்சம் அவள் பேச்சு எட்டாத யாரோ வழிப்போக்கர்கள். அடைக்க வந்தவன் இல்லை, அடைக்க விடாமல் பிடிக்க வந்தவன், பேச்சியம்மாவுக்கு அன்றைக்கு இப்படி ஒருத்தன் இருந்திருக்கக் கூடாதா, இங்கே இருந்தானே, வெயிலில் மூன்று நாள் நின்றானே. கட்டை தரையில் உட்கார்ந்தது, பெரிய சத்தம்கூட இல்லை, பக்கத்துக் கட்டையோடு கச்சிதமாகப் பொருந்தியது, எதிர்ப்பக்கம் ஏழு ஐம்பது வந்து நின்று, ஏற ஆளில்லாமல் புறப்பட்டது, கிரேனைப் பார்த்துச் சுற்றிப் போன தங்கபுஷ்பம் சிக்னல் பக்கமிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதித் தூரம்கூட வந்திருக்கவில்லை.

அவள் பையனிடம் போனாள், தம்பி, பத்தொம்பது இல்ல, காலையில மட்டும் நாங்க நூறு பேருக்கு மேல இருக்கோம், வேணும்னா இப்பவே எல்லாரையும் கூப்புட்டு நிறுத்துறேன், எண்ணிக்க என்றாள். அவன் அவளை அடையாளம் கண்டுகொண்டான், காத்து வாங்க நின்னீங்களே அக்கா என்றான், குத்திக்காட்டும் குரல் இல்லை, நிஜமாகவே விளங்காதவனின் குரல், அப்ப அந்த மூணு நாளும் எல்லாரும் எங்க போயிருந்தீங்க.

ஒனக்குப் பயந்துதான் தம்பி சுத்திப் போனோம், நான்தான் எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போனேன் என்றாள்.